குலைநடுக்கம் பிறந்த இடம்

மாங்கோட்டை ராஜா அடலேறு பூபதி மகா வீரர். ஒரு போருக்கும் போனதில்லை என்பதால் அவருடைய வீரம் கொஞ்சமும் தேயாமல் அப்படியே இருந்தது.

ஒருநாள் எல்லைக் காவலன் மாசானம் சபைக்கு ஓடிவந்தான்.

"மகாராஜா, கொள்ளைக்காரங்க எல்லையோரத்து ஊரையே வெட்டிச் சாய்ச்சிட்டாங்க. தெருவெல்லாம் பிணம். பார்த்ததும் எனக்குக் குலைநடுக்கம் எடுத்திருச்சு. படை அனுப்புங்க!"

படை என்றதும் ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "குலைநடுக்கமா? அது என்ன சொல்?"

வாகீச பண்டிதர் துள்ளி எழுந்தார். "பிரபு, அது பகைநாட்டில் பிறந்த சொல். தங்கள் நாட்டில் அதற்குப் பொருளே கிடையாது!"

பண்டிதருக்குச் சால்வை கிடைத்தது. மாசானத்தை யானைக்காலில் போடச்சொல்லி உத்தரவாயிற்று.

வாய்த்துடுக்கான மந்திரி தெய்வச்சிலைக்கு ரத்தம் கொதித்தது. கண்டதைச் சொன்னவனுக்கா இந்தக் கதி?

"மகாராஜா, அந்தச் சொல்லின் பொருளும் பிறப்பிடமும் எனக்குத் தெரியும். நாளைச் சாயங்காலத்துக்குள் காட்டுகிறேன்."

"காட்டாவிட்டால் நீயும் யானைக்காலில்தான்!"

மறுநாள் மத்தியான விருந்து முடிந்து உறங்கிய ராஜா கண் விழித்தார். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. பச்சை மூங்கிலோடு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் அவரைத் தலையிலிருந்து கால்வரை கயிற்றால் அளந்தான்.

"நல்ல உயரம்பா. பாடைக்கு இந்த மூங்கில் பத்தாது."

"பாவம், தூங்குற மாதிரியே இருக்காரு."

வெளியே சங்கு ஊதியது. ராஜா இறந்துவிட்டார் என்ற சேதியை நம்பிய பண்டிதர், எப்போதோ எழுதி வைத்திருந்த இரங்கற்பாவை எடுத்துவந்து வாசலில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்.

ராஜா கத்த வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஒரு பிடி அரிசி விழுந்தது. எதிரே தட்டோடு தெய்வச்சிலை.

"வாய்க்கரிசி போடுறவங்க வரிசையா வாங்க!"

ராஜா அலறிக்கொண்டு எழுந்தார். "ஐயோ, நான் சாகலைடா! எனக்குக் குலை நடுங்குதடா!"

தெய்வச்சிலை தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"சொல் பிறந்துவிட்டது பிரபு. பகைநாட்டில் இல்லை, தங்கள் கட்டிலில். பொருள் வேண்டுமானால் கண்ணாடி கொண்டுவரச் சொல்கிறேன். யானைப்பாகன் வாசலில் காத்திருக்கிறான். குலை நடுங்கியவர் ஒருவர் என்று சொல்லட்டுமா, இரண்டு பேர் என்று சொல்லட்டுமா?"

ராஜா வாயிலிருந்த அரிசியைத் துப்பினார். முறைத்தார். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்.

மாசானம் விடுதலையானான். பண்டிதரின் சால்வை அவன் தோளுக்கு வந்தது. அன்றைக்கே படையும் புறப்பட்டது. ராஜா கோட்டைக் கதவை நன்றாகத் தாழிட்டுக்கொண்டு, உப்பரிகையில் நின்று வீரமாகக் கையசைத்து வழியனுப்பினார்.