விலை இறங்கட்டும்

"மேடம், கார்டு விலை எப்பங்க இறங்கும்?"

சாயங்கால வகுப்புக்குள் கால் வைக்கும்போதே சென்னியப்பன் இதைத்தான் கேட்டார். போன வாரமும் இதைத்தான் கேட்டார். போன வருஷம் மழைக்காலத்திலும் இதையேதான் கேட்டார்.

தாரணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உட்காருங்க சார்," என்றாள்.

குரு என்றதும் வெண்தாடியும் புலித்தோலும் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் குருவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் அனிமேஷன் சொல்லிக்கொடுக்கிறாள். சீடருக்கோ அறுபது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஆயுசு பூராவும் பிறத்தியார் பிள்ளைகள் வரைந்த மாம்பழத்தைத் திருத்தியவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சொந்தமாக ஒரு படம். பத்து நிமிஷம் ஓடினால் போதும்.

கொட்டுகிற மழையில் ஒருவன் லாந்தரைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடிப் போகிறான். அவ்வளவுதான் கதை. ஆளும் ஆடும் லாந்தரும் கணிப்பொறிக்குள் தயாராக நின்றன. மழை மட்டும் பாக்கி.

மழைக்குத்தான், கணிப்பொறிக்குள் இருந்து படம் வரைகிற புது கிராபிக்ஸ் கார்டு வேண்டும். வீட்டில் இருந்த பழைய கார்டு வேலையைச் செய்யாமல் இல்லை. ஒரு காட்சியைத் துளித்துளியாக வரைந்து முடிப்பதற்குள் மனுஷனுக்குத் தாடி வளர்ந்துவிடும்.

காசை எடுத்து வைத்தார். அடுத்த மாடல் வரப்போகிறது, இது விலை இறங்கும் என்று யாரோ சொன்னார்கள். பொறுத்தார். அடுத்த மாடல் வந்தது. முந்தினது கடைகளிலேயே இல்லாமல் போனது.

சரி, ஆடித் தள்ளுபடியில் புதுசே இறங்கும் என்றார்கள். ஆடியில் கொஞ்சம் இறங்கவும் செய்தது. தீபாவளிக்கு இன்னும் இறங்கும் என்று அவரே சொல்லிக்கொண்டு பொறுத்தார். தீபாவளிக்கு ஏறியது.

காத்திருப்பதில் மனுஷன் ருசி கண்டுவிட்டார்.

"பொங்கலுக்கு அப்புறம் கண்டிப்பா விழும்ங்கறாங்க. நீங்க என்ன நினைக்கறீங்க மேடம்?"

"மழையைக் கொண்டாந்தீங்களா?" என்றாள் தாரணி.

"கொண்டாந்தனுங்க. ஒரே ஒரு காட்சி. ஆனா பாக்கற மாதிரி இல்லீங்க. பழைய கார்டு உசுரை உட்டுருச்சு. நாலஞ்சு மாசமா எல்லாமே மங்கலாத்தான் வருது."

பென்டிரைவை வாங்கி அவள் தன் கணிப்பொறியில் செருகினாள். கூடப் படிக்கிற ஜாஸ்மின் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்து நின்றாள்.

திரையில் மழை. நடுவில் லாந்தர்.

"பாருங்க, லாந்தரைச் சுத்தி ஒரு வளையம். வானவில்லாட்டம்," என்று சென்னியப்பன் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். "நான் வெக்கவே இல்லீங்க அதை. எல்லாம் கார்டு பண்ற அக்கிரமம்."

தாரணி பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"எங்க சார்?"

"சுத்தியும்தாங்க!"

அவள் அதே காட்சியைத் தன் கணிப்பொறியில் முதலிலிருந்து வரையவிட்டாள். அதில் இருந்தது சென்னியப்பன் இத்தனை நாளாக ஏங்கிக்கொண்டிருந்த அதே புது கார்டு. மூவரும் டீ குடித்து முடிப்பதற்குள் படம் வந்துவிட்டது.

"இப்பப் பாருங்க."

சென்னியப்பன் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு கைதட்டிச் சிரித்தார்.

"இதுலயும் அதே வளையம்தாங்க! அதே மங்கல்! இதுக்கா இந்த விலை சொல்றானுங்க? நல்லவேளை மேடம், பொறுத்தேன். தப்பிச்சேன்!"

அவருக்கு அப்படியொரு சந்தோஷம். இவ்வளவு நாள் காத்திருந்தது வீண் போகவில்லை என்று ஆகிவிட்டதே. கூடச் சிரிக்க ஆள் தேடி இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை.

"என்ன வளையம் சார்?" என்றாள் ஜாஸ்மின்.

"உனக்குமா தெரியல?"

"அதுல ஒண்ணுமே இல்லியே சார். நீங்க கொண்டாந்ததுலயும் இல்ல. ரெண்டுமே பளிச்சுன்னு இருக்குது."

"வெளையாடாத கண்ணு."

"சத்தியமா சார்."

தாரணி மானிட்டரை அணைத்தாள். கையைத் தூக்கி, மாடிப்படி வாசலில் எரிந்துகொண்டிருந்த பல்பைக் காட்டினாள்.

"அங்க பாருங்க சார்."

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். பல்பு எரிந்தது. அதைச் சுற்றி வளையம் இருந்தது. வெளியே சிவப்பு, உள்ளே நீலம். திரையில் பார்த்த அதே வளையம்.

"அதுலயும்... இருக்குதுங்க."

"அது எந்தக் கார்டுல ஓடுது சார்?"

சென்னியப்பன் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பல்பைப் பார்த்தார். வளையம் இருந்தது. கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினார். பல்பையே காணோம். அந்த இடத்தில் மஞ்சளாக ஏதோ கரைந்து கிடந்தது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி பெஞ்சுப் பையன் பச்சையில் ஒரு சொட்டு நீலம் கூடுதலாகக் கலந்தால் கரும்பலகைப் பக்கம் நின்றே கண்டுபிடிக்கிற கண். அது போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவர் மாசக்கணக்கில் கார்டைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"மேடம்," என்றார். "எம் படத்தை நான் பாத்துருவனுங்களா?"

தாரணிக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. மேசைக்கடியிலிருந்து இரண்டு ஹெல்மெட்டை எடுத்தாள். ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டு, இன்னொன்றை அவரிடம் நீட்டினாள்.

"கண் ஆஸ்பத்திரி இன்னும் மூடியிருக்காது. கிளம்புங்க சார்."

"இப்பவேங்களா?" என்றார் சென்னியப்பன். பேச்சு தானாக வந்துகொண்டிருந்தது. "அடுத்த மாசம் எங்க காலனியில கண் முகாம் போடறாங்க மேடம். எல்லாம் பாதி விலைதான்னாங்க. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்தா..."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

ஜாஸ்மின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாரணி நீட்டிய கையை மடக்கவில்லை.

சென்னியப்பன் ஹெல்மெட்டைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். சுவரைத் தடவிக்கொண்டு, குருவுக்கு முன்னால் படியிறங்கி ஓடினார்.