மாதப்பனைக் கழித்த கணக்கு

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. தள்ளி உட்கார்ந்தால் முன்னால் இருக்கிறவர்கள் சிரிக்கிற சத்தத்தில் பாதிக் கதை காதில் விழாது. அப்புறம் "என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு" என்று பக்கத்து ஆளைச் சுரண்டிக்கொண்டே இருப்பீர்கள்.

சுண்டைக்காட்டூர் என்று ஒரு ஊர். ஊர் முழுக்கச் செம்மறி ஆடு. ஆட்டுக்குக் குறைச்சல் இல்லை, ஆட்டின் அளவில்தான் குறைச்சல். சந்தைக்குக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், பக்கத்து ஊர் எதிர்மேட்டுக்காரர்கள், "என்னங்க, இன்னைக்குப் பூனை என்ன விலை?" என்று கேட்பார்கள். ஊர்ப் பெரியவர் சென்னப்பன் ஒருதரம் நிஜமாகவே திரும்பிப் பார்த்து, "பூனை எங்க இருக்குது?" என்று தேடினார்.

விஷயம் புரிந்தபோது அவருக்கு மானம் போய்விட்டது. நேராக ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போய் நின்றார். அங்கிருந்து டாக்டரம்மா தமயந்தி ஒரு கிடாயை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். கிடாயா அது! முதுகில் பாய் விரித்துப் படுக்கலாம்.

"பல தலைமுறையாப் பொறுக்கி எடுத்து வளர்த்த கிடாய் இது. உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். குட்டிங்க நல்லா எடை ஏறுச்சுன்னா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா எதிர்மேட்டுக்குக் கொடுத்துடுவேன்," என்றார் டாக்டரம்மா.

எதிர்மேடு என்றதும் கூட்டத்தில் இரண்டு பேருக்கு மயக்கம் வந்தது.

"இன்னொண்ணு. சொந்த ரத்தத்துக்குள்ள சேர்க்கக் கூடாது. அண்ணன் தங்கச்சி சேர்ந்தா குட்டி நோஞ்சானாத்தான் பொறக்கும்."

"அந்த அக்கிரமமெல்லாம் எங்க ஊர்ல நடக்காதுங்கம்மா," என்று சென்னப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கிடாயைத் தன் பட்டியிலேயே கட்டினார். கட்டின கையோடு சந்தேகம் வந்துவிட்டது. ஊரைக் கூட்டினார்.

"கிடாய் என் பட்டியில இருக்குது. அப்ப அது என் வீட்டுப் பிள்ளை. என் ஆடுங்க அதுக்கு என்ன முறை?"

"தங்கச்சி முறை," என்றது கூட்டம்.

"என் தம்பி ஆடுங்க?"

"சித்தப்பன் மகளுங்க. அதுவும் தங்கச்சிதானே?"

சுண்டைக்காட்டூரில் எல்லாரும் ஒரே குலம், ஒரே கோயில், பங்காளிகள். வீடு வீடாக முறை வைத்துப் பார்த்தார்கள். ஊரில் இருக்கிற அத்தனை பெட்டையும் கிடாய்க்குத் தங்கையாகப் போயிற்று.

உடனே கிடாயைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஒரு பெட்டைகூட அந்தப் பக்கம் போகக்கூடாது. கிடாய் சும்மா இருக்குமா? வேலியை முட்டியது, கத்தியது, முன்னங்காலால் மண்ணை வாரி இறைத்தது.

"தங்கச்சிங்க நிக்கற இடத்துல எப்படி நடந்துக்குது பாரு. பண்ணையில வளர்த்த லட்சணம்!" என்று ஊரே முகத்தைச் சுளித்துக்கொண்டது.

ஆடு சினைக்கு வரும் பருவம் போய்க்கொண்டே இருந்தது. குட்டி இல்லாவிட்டால் கிடாய் எதிர்மேட்டுக்கு. கடைசியில் ராக்கியப்பனைக் கூப்பிட்டார்கள். ராக்கியப்பன் ஒருதரம் தனியாகச் சேலத்துக்கு பஸ் ஏறிப் போய், திரும்பவும் இதே ஊருக்கு வந்து சேர்ந்தவன். அதனால் ஊருக்கே அவன்தான் அறிவாளி.

அவன் கண்ணை மூடி யோசித்தான். எல்லாரும் மூடிக்கொண்டார்கள்.

"நம்ம ஊர்ல வேற குலத்து ஆள் யாரு?" என்றான்.

ஒரே ஒருத்தன்தான். மாதப்பன். சென்னப்பனின் தங்கை பாவாயியைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன்.

"கிடாயை மாதப்ப மச்சான் பட்டிக்கு மாத்திக் கட்டுங்க. அப்ப அது மச்சானோட பிள்ளை. நீங்க தாய்மாமன். உங்க ஆடுங்க எல்லாம் அதுக்கு மாமன் மகளுங்க."

கூட்டம் வாயைப் பிளந்தது. சென்னப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாய்மாமன் ஆகிவிட்டாரே! புதுத் துண்டு ஒன்று வாங்கி வந்து கிடாயின் கொம்பில் கட்டினார். கிடாய் அதைத் தின்றுவிட்டது.

மாதப்பன் மட்டும் முணுமுணுத்தான். "அப்ப என் பட்டியில இருக்கற பெட்டைங்க?"

"அதுங்க இனிமே அதுக்குத் தங்கச்சிங்க, மச்சான். வெளியூர்ல பாக்கலாம்."

அதோடு முடிந்ததா? எந்தப் பெட்டையை முதலில் விடுவது என்று அடுத்த பஞ்சாயத்து. "மூத்தவ இருக்கறப்ப இளையவளை அனுப்பற வழக்கம் நமக்கில்லை," என்றார் சென்னப்பன். ஊரிலேயே வயதான ஆட்டை, பல் எல்லாம் விழுந்து நிற்கவே தள்ளாடுகிற ஒன்றை, கைத்தாங்கலாக அழைத்து வந்து முதலில் நிறுத்தினார்கள். கிடாய் அதைப் பார்த்தது. பிறகு படுத்துக்கொண்டது.

நல்லவேளை, பின்னால் வரிசையில் நின்ற சின்னதுகளுக்கு வழக்கம் தெரியாது. வேலியைத் தாண்டிக் குதித்துவிட்டன. அப்படித்தான் சுண்டைக்காட்டூரில் குட்டி பிறந்தது.

குட்டிகளைப் பார்க்க வந்த டாக்டரம்மா ஓர் எடை மிஷினையும், மூட்டை மூட்டையாகக் குட்டித் தீவனத்தையும் கொண்டுவந்தார். குட்டியை மிஷினில் நிறுத்தினால் துள்ளி ஓடியது.

"ஒரு ஆள் குட்டியைத் தூக்கிக்கிட்டு ஏறி நில்லுங்க. வர்ற எடையில ஆளோட எடையைக் கழிச்சுட்டா மிச்சம் குட்டியோட எடை," என்றார். மாதப்பனை ஏற்றிப் பார்த்து, அவன் எடையைப் பட்டிக் கதவில் கரியால் எழுதிக் காட்டினார். "இதைக் கழிக்கணும். வாராவாரம் எடை போடுங்க."

வாராவாரம் போட்டார்கள். மாதப்பன் குட்டியோடு ஏறுவான். கதவில் எழுதியிருந்ததைக் கழிப்பார்கள்.

நடுவில் மாரியம்மன் பண்டிகை வந்தது. மாதப்பன் வீட்டுக்கு வீடு கறிச்சோறு தின்றான். அந்த வாரம் குட்டிகள் வயிற்றுக்கழிச்சல் கண்டு ஒட்டி உலர்ந்து கிடந்தன. எடை போட்டால், ஏறியிருக்கிறது!

"இதென்ன மாயம்? குட்டி பட்டினி கிடந்து ஏறியிருக்குதே!" என்றார் சென்னப்பன்.

ராக்கியப்பன் குட்டியைப் பார்த்தான். மாதப்பனைப் பார்த்தான். மாதப்பன் ஏப்பம் விட்டான்.

"பிடிச்சுட்டேன். குட்டிக்குத் தீனி போட்டாலும் எடை ஏறுது, மச்சானுக்குப் போட்டாலும் எடை ஏறுது. ஆனா மச்சானுக்குப் போட்டா சீக்கிரமா ஏறுது."

"அதுவும் ஒரு ஆளுக்குப் போட்டா எல்லாக் குட்டியும் ஏறுதே!" என்று சென்னப்பன் வியந்து போனார்.

அன்றிலிருந்து குட்டிகளை மேட்டுப்புல்லுக்கு ஓட்டிவிட்டு, தீவன மூட்டையை மாதப்பன் வீட்டில் இறக்கினார்கள். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, வெல்லம் எல்லாம் சேர்ந்த தீவனம். பாவாயி அதை உருட்டி உருட்டி வைத்தாள். மாதப்பன் முதலில் வாயைத் திறக்கவில்லை.

"மாப்பிள்ளை, ஊர் மானம் உன் வயித்துல இருக்குது," என்று சென்னப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மானத்துக்கு ஏன் மச்சான் இப்படி நாத்தம் அடிக்குது?" என்று கேட்டுக்கொண்டே தின்றான். போகப்போக ருசி கண்டுகொண்டான். சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. பாவாயி மட்டும், "எங்கண்ணன் எனக்கு மாப்பிள்ளை பார்த்தாரா, பொலிகாளை பார்த்தாரா?" என்று பக்கத்து வீட்டில் புலம்பினாள்.

டாக்டரம்மா முடிவு சொல்ல வந்தார். ஊர் சொன்ன எடையைக் கேட்டு, "குட்டியா, கன்னுக்குட்டியா?" என்று சிரித்தார். சிரித்த முகத்தோடு திரும்பினார். எதிரே மாதப்பன், வாயோரம் ஒட்டிய தீவனத்தோடு, குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றான். குட்டியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மாதப்பனைத் தனியாக ஏற்றினார். பிறகு குட்டியோடு ஏற்றினார். கழித்தார். மிச்சம் கொஞ்சம்தான்.

ராக்கியப்பன் முன்னால் வந்தான். "கழிக்கிற ஆளு பெருத்துட்டாருங்கம்மா. அதான் மிச்சம் கம்மியா வருது. ஒல்லியா ஒரு ஆளைக் கழிச்சுப் பாருங்க."

டாக்டரம்மா பொறுமையாகப் பாவாயியைத் தனியாகவும் குட்டியோடும் ஏற்றிக் கழித்தார். குட்டிக்கு அதே எடைதான் வந்தது.

"ஆளையே கழிக்காம விட்டா நல்லா வருமே," என்றார் சென்னப்பன்.

அவ்வளவுதான், டாக்டரம்மாவுக்குப் பொறுமை போயிற்று. "குட்டித் தீவனத்தை மனுசன் தின்னிருக்கான்! வெறும் புல்லைத் தின்னுட்டும் இந்தக் குட்டிங்க உங்க பழைய குட்டிங்களைவிடப் பெருசா இருக்குதே, அது எதனால? தீனியாலயா? அப்பனால! வளர்ச்சி அப்பன் வழியில வந்திருக்குது. இப்பேர்ப்பட்ட கிடாயை இனிமே உங்ககிட்ட விட எனக்கு மனசில்ல. டிரைவர், ஏத்துங்க. எதிர்மேட்டுக்குப் போகட்டும்."

ஊரே அழுதது. தாய்மாமன் சென்னப்பன் கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"அழுதா ஆச்சா? இதைவிட நல்ல அப்பன் ஒண்ணை இந்த ஊர்ல காட்டுங்க பாக்கலாம். கிடாயை இங்கயே விட்டுட்டு அதைப் பண்ணைக்குக் கொண்டு போறேன்," என்று டாக்டரம்மா கடுப்பில் சொன்னார்.

ராக்கியப்பன் நிமிர்ந்தான். கண்ணை மூடவில்லை, யோசிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

கிடாய் பிடிவாதமாகக் காலை ஊன்றிக்கொண்டதால் ஏற்றுவதற்கு நேரமாகிவிட்டது. ஒருவழியாக ஏற்றி வேன் கதவைச் சாத்தப் போகும்போது ராக்கியப்பன் வந்து சேர்ந்தான். சைக்கிள் கேரியரில் ஊதினால் பறந்துபோகிற மாதிரி ஒரு கிழவர்.

"கிடாயை இறக்குங்கம்மா! அதைவிட நல்ல அப்பன் கிடைச்சாச்சு. மாதப்ப மச்சானைப் பெத்தவரு இவருதான். குட்டி வளர்ந்தது எங்க, மச்சான் வளர்ந்தது எங்க! நீங்களே எடை போட்டுப் பார்த்தீங்களே!"

கிழவர் சுற்றிலும் பார்த்து, "சம்பந்தி வீட்டுல என்னப்பா விசேஷம்? விருந்தா?" என்றார்.

"பண்ணைக்குப் போறீங்க மாமா. கவர்மெண்டுத் தீனி."

டாக்டரம்மா மாதப்பனைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். வேன் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு முட்டச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிடாய் இங்கயே இருக்கட்டும்பா... இங்கயே இருக்கட்டும்... பெரியவரை மட்டும் வீட்டுல கொண்டுபோய் விட்டுடு," என்றார்.

"பேச்சு மாறக் கூடாதுங்கம்மா. சுண்டைக்காட்டூர்க்காரன் ஓசியில வாங்க மாட்டான்," என்றான் ராக்கியப்பன்.

கிடாயை இறக்கினான். கிழவரை அலுங்காமல் தூக்கி வேனில் வைக்கோல்மேல் நிறுத்தினான். முதுகில் தட்டிக்கொடுத்தான். பிறகு, வழியில் மிரண்டுவிடக் கூடாதே என்று, வேலியில் இருந்து ஒரு கொத்து அகத்திக்கீரையை ஒடித்து அவர் வாயில் கொடுத்தான்.