ஓரத்தில் நிற்பவர்

இந்தக் கதையை முதன்முதலில் சொன்னவர், செஞ்சியில் புவியியல் நடத்திய கமலவேணி டீச்சர். வகுப்பறையில் அல்ல, பேருந்துக்குக் காத்திருந்த ஒரு மாலையில்.

"சார், இந்த ஆளை மட்டும் வெட்டி எடுத்துடுங்க" என்றார் திலகவதி.

மேசைமேல் திலகவதி எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஆனைக்குட்டிப் பாறை. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று உருண்டைகள்; மேலே வெறும் வானம். இடது ஓரத்தில், நகக்கண் அளவில், ஒரு மனிதர்.

எபனேசர் பாறைகளைப் படமெடுப்பவர். திலகவதியைவிட இருபது வயது இளையவர். ஆயினும், படமெடுக்கக் கற்க வந்த நாள்முதல் திலகவதிக்கு அவர் 'சார்'.

எந்தப் பாறையானாலும் அதன் காலடியில் ஒரு சுத்தியலை வைத்துவிட்டுத்தான் எபனேசர் படமெடுப்பார். படத்தின்கீழ், 'அளவு: சுத்தியல், ஓர் அடி' என்று எழுதுவார்.

"கண்காட்சி பாறைக்கா, சுத்தியலுக்கா சார்?" என்று திலகவதியே ஒருமுறை கேட்டிருக்கிறார். எபனேசர் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடுத்த பாறைக்குப் போய்விட்டார்.

"இந்தக் கண்காட்சிக்கு இதுதான் முகப்புப் படம்னு சொன்னீங்க. பாறையை உடைச்சு எப்பவோ ஜல்லியாக்கிட்டாங்க. மிஞ்சினது இந்த ஒரு படம்தான். சுத்தமா இருக்க வேண்டாமா?"

"யாரும்மா இவரு?"

"எங்க வீட்டுக்காரர். தள்ளிப் போங்க, தள்ளிப் போங்கன்னு கத்தினேன். போனவர், 'போதுமா?'ன்னு திரும்பிக் கேட்டார். அந்த நேரம் பார்த்து அமுக்கிட்டேன்."

"மத்த படங்கள்ல இருக்காரா?"

"ஒண்ணுலயும் கிடையாது." திலகவதியின் குரலில் பெருமிதம். "மலை மலையா எனக்குக் கேமரா ஸ்டாண்டு தூக்கினவர். குறுக்கே மட்டும் வந்ததே இல்லை."

"விரட்டினா கோபப்பட மாட்டாரா?"

"சிரிப்பார். 'கல்லுக்கெல்லாம் படம் எடுக்கறே. இந்த அஞ்சடி ஆறங்குலத்துக்கு ஒண்ணு பாக்கி, மறந்துடாதே' அப்படின்னுக்கிட்டே நகருவார். எடுக்கலாம், எடுக்கலாம்னே இருந்துட்டேன்." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "போன தையில போயிட்டார்."

எபனேசர் ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து, படத்தின் இடது ஓரத்தை மூடினார்.

"இப்போ சரியா?"

"சரி சார். எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"பாறை என்ன உயரம்மா?"

"அம்மாடி, அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும்."

"அது உங்களுக்குத் தெரியும். பார்க்க வர்றவங்களுக்கு?"

திலகவதி குனிந்து பார்த்தார். மூன்று உருண்டைகள். ஆற்றங்கரையில் ஏதோ ஒரு குழந்தை அடுக்கிவைத்த கூழாங்கற்களாகவும் இருக்கலாம்.

"போய் அளந்து எழுதலாம்னா, பாறையும் இல்லையே சார்."

எபனேசர் காகிதத்தை எடுக்கவில்லை. தேநீர் போட உள்ளே போனார்.

மண்ணெண்ணெய் அடுப்பு சீறும் ஓசை கேட்டது. அது அடங்கும்வரை திலகவதி அசையவில்லை. பிறகு, தாமே காகிதத்தை நகர்த்தினார்.

பாறை மளமளவென்று வளர்ந்து வானத்தைத் தொட்டது.

அதன் காலடியில் அவர், இன்னும் 'போதுமா?' என்று கேட்டுக்கொண்டு.

எபனேசர் இரண்டு தம்ளர்களுடன் திரும்பி வந்தபோது, திலகவதி பென்சிலைக் கையில் எடுத்திருந்தார்.

"வெட்டிடலாமாம்மா?"

திலகவதி நிமிரவில்லை. படத்தின்கீழ், தம்முடைய நேர்த்தியான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார்:

'அளவு: ஓரத்தில் நிற்பவர், ஐந்தடி ஆறங்குலம்.'