தவளைக்கும் ஒரு வசனம்

கருவேலங்காட்டுக் குளக்கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஆறாம் வகுப்பு முயல்குட்டியும் பன்னிரண்டாம் வகுப்புக் கரடியும் அங்கே ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுத்தவள் வடிவாம்பாள் என்ற உடும்பு. பிள்ளைகளுக்கு அவள் வடிவு டீச்சர்.

"ஆண்டு விழாவுக்கு ஒரு மாசம்தான் இருக்கு டீச்சர்! நாடகம் எதுன்னு முடிவு பண்ணியாச்சா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியர் யானை.

"இன்னும் இல்லீங்க ஐயா!"

"பார்த்துச் செய்யுங்க! போன வருஷம் மாதிரி ஆயிடப் போகுது!"

போன வருஷத்து நாடகம் சிங்க மகாராஜாவின் பட்டாபிஷேகம். வசனம் எல்லாம் பெரிய பிள்ளைகளுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் பச்சை இலை கட்டி, புதர் என்று சொல்லி மேடையில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது காட்சியில் மந்திரி வேஷம் போட்ட புள்ளிமானுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்துப் புதரை ஒரு கடி கடித்தான். அதைப் பார்த்த காட்டெருமை இரண்டு புதர்களை முழுசாக மேய்ந்தான். பள்ளிக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்று சட்டம் உண்டு. இலையைத் தின்னக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லையே! இலை போன பிள்ளைகள் நடுமேடையில் நின்று அழுதார்கள். காடே வயிறு வலிக்கச் சிரித்தது.

வடிவு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த இலைகளைக் கட்டிவிட்டது அவள்தான்.

யானை போன கையோடு முயலம்மா வந்தாள். பின்னால் அணில், எலி, தவளை வீட்டுக்காரர்கள் எல்லோரும் நின்றார்கள்.

"இந்த வருஷமும் எங்க பிள்ளைங்க புதர்தான்னா இப்பவே சொல்லிடுங்க டீச்சர்! மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்ச் சேத்துக்கறோம்!"

சின்னப் பிள்ளைகள் போய்விட்டால் பாதிப் பள்ளி காலி. டீச்சர் தலையை நிமிர்த்திச் சொன்னாள்: "இந்தத் தடவை யாரும் புதர் இல்லை! நான் சொன்னா சொன்னதுதான்!"

முதலில் 'வாலைத் தொலைத்த எலி' நாடகத்தை எடுத்தாள். சின்னப் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். பெரிய பிள்ளைகளின் முகம் தொங்கிப் போயிற்று. கரடிக்கு அப்போதுதான் குரல் உடைந்துகொண்டிருந்தது.

"டீச்சர், நான் போய் 'எலியக்கா, எலியக்கா'ன்னு பாடணுமா? மானமே போயிடும்!" என்றான். பாதி வார்த்தை கீச்சென்றும் பாதி உறுமலாகவும் வந்தது. சொன்ன அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது.

பாவமாக இருந்தது டீச்சருக்கு. அந்த நாடகத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

மறுநாள் நரியார் ஓலைக்கட்டோடு வந்து நின்றார். அந்தக் காட்டின் நாடகாசிரியர் அவர்.

"'புலியின் சபதம்'! மூணு யுத்தம், ரெண்டு தலை வெட்டு! கதாநாயகன் வேஷத்துக்கு என் பையன் ரெடியா இருக்கான்!" என்றார்.

சரி, பார்ப்போம் என்று ஒத்திகை வைத்தாள் டீச்சர். சிறுத்தை மாணவன் "ரத்தம்! ரத்தம்!" என்று ஒரு கர்ஜனை விட்டான். அவ்வளவுதான். கண் மூடித் திறப்பதற்குள் சின்னப் பிள்ளைகள் ஒருவரையும் காணோம். கடைசி அணிலைப் பொந்திலிருந்து கெஞ்சி இறக்குவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

"பயந்தாங்கொள்ளிங்க! ஓரமா புதர் மாதிரி நிக்கட்டுமே!" என்றார் நரியார்.

டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க ஓலையை நீங்களே வச்சுக்குங்க!" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்புறம் நான்கு நாள் அவள் பள்ளி ஓலைகளையெல்லாம் கீழே கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு கூழாங்கல் வைப்பாள். பிறகு ஒரு கல்லை எடுத்துவிட்டுக் கதையைப் படிப்பாள். கதை அதுபாட்டுக்குப் போனால் அந்த நாடகம் வேண்டாம். இப்படி ஒன்பது நாடகங்கள் கழிந்தன.

பத்தாவது, 'குளம் உடைந்த நாள்'. அடைமழையில் கரை உடையப் போகிறது. தண்ணீர் எல்லைக் கல்லைத் தாண்டினால் தவளை கத்த வேண்டும். அணில்கள் மரத்துக்கு மரம் தாவிச் சேதி சொல்ல வேண்டும். முயல்கள் வளைகளைக் காலி செய்ய வேண்டும். கரடியும் காட்டெருமையும் பாறை சுமந்து கரையை அடைக்க வேண்டும். சண்டை போடும் பெரியவர்களை நரி பேசி ஒன்றுசேர்க்க வேண்டும்.

டீச்சர் கரடிக் கல்லை எடுத்தாள். கதை நின்றது. தவளைக் கல்லை எடுத்தாள். அப்போதும் நின்றது. "இதுதான்!" என்று வாலைத் தரையில் ஓங்கி அடித்தாள்.

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். நாடகம் விளையாட்டுத்தனமாக இல்லை என்று பெரிய பிள்ளைகளுக்குத் திருப்தி. தங்களுக்கும் வேலை இருக்கிறது என்று சின்னவர்களுக்குச் சந்தோஷம். கரடியின் உடைந்த குரல்கூட, மழையில் நனைந்தவன் பேச்சுக்குப் பொருத்தமாக இருந்தது.

நரியாருக்குத்தான் வயிறு எரிந்தது. "கதாநாயகனே இல்லாத நாடகமா! ஒரு தவளை கத்தினா என்ன, கத்தாட்டி என்ன! காட்டறேன் பார்!"

ஆண்டு விழா அன்று சாயங்காலம் காடே கூடிவிட்டது. நாடகம் ஆரம்பித்ததும் நரியார் திரைக்குப் பின்னால் நழுவினார். அங்கே குட்டித் தவளை வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"தம்பி, முதல் வரிசையில யார் உக்காந்திருக்காங்க தெரியுமா? பக்கத்துக் காட்டுச் சாரைப்பாம்பு! அவருக்கு நம்ம பள்ளிச் சட்டமெல்லாம் தெரியுமோ என்னவோ!"

தவளை பின்னால் துள்ளியது. "ஐயோ மாமா! நான் என்ன செய்ய?"

"இந்தப் பானைக்குள்ள இரு! நான் சொன்னாத்தான் வெளிய வரணும்!" என்று சொல்லி மூடியைப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல வந்து உட்கார்ந்தார்.

மேடையில் மழை பெய்தது. தண்ணீர் கல்லைத் தாண்டியது. யாரும் கத்தவில்லை. அணில்கள் கிளையில் காத்திருந்தன. கரடி பாறையைத் தூக்கியபடியே நின்றான். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

யானை மெதுவாக வந்து டீச்சர் காதில் சொன்னார்: "மானம் போகுது டீச்சர்! வேற யாராவது கத்திட்டுப் போகட்டும்! ஒத்தை வரிதானே!"

"முடியாதுங்க ஐயா! அது தவளையோட வரி. இன்னைக்கு அவன் இல்லாம நடத்தினோம்னா, நாளைக்கு அணில் இல்லாம நடத்துவோம். அப்புறம் எல்லாரும் புதர்தான்! விடிஞ்சாலும் சரி, அவன் வர்ற வரைக்கும் நாடகம் நிக்கட்டும்!"

இதைக் கேட்ட முயலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நேரம் போயிற்று. ஆள் விட்டுத் தேடியும் தவளை அகப்படவில்லை. கரடி பாறையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். ஓரத்தில் நரியாரின் பையன் நரிக்குட்டி தவித்துக்கொண்டிருந்தான். மூன்று வாரம் ராப்பகலாக மனப்பாடம் செய்த நீண்ட வசனம் அவன் தொண்டையில் நின்றது. பொறுக்க முடியாமல் மேடை நடுவில் ஓடிவந்து கத்தினான்:

"அப்பா! தவளையைக் கொஞ்சம் தேடிக் கூட்டிட்டு வாங்கப்பா! அவன் கத்தினாத்தான் எனக்கு வசனம்!"

காடு முழுவதும் நரியாரைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எழுந்தார். எல்லோரும் பார்க்கப் பார்க்க நேராகப் பானையிடம் போனார். மூடியைத் திறந்து, தவளையை எடுத்துத் தன் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு வந்து கல்மேல் விட்டார்.

முதல் வரிசையில் சாரைப்பாம்பு இருக்கத்தான் செய்தார். தவளை டீச்சரைப் பார்த்தது. டீச்சர் தலையசைத்தாள்.

"தண்ணி கல்லைத் தாண்டிடுச்சு! எல்லாரும் எழுந்திரிங்க!" என்று அது போட்ட சத்தத்தில், தூங்கிக்கொண்டிருந்த ஆந்தைகள்கூட விழித்துக்கொண்டன. அணில்கள் பாய்ந்தன. முயல்கள் ஓடின. நரிக்குட்டி பேசிய பேச்சில் பாதிக் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. கரடி கடைசிப் பாறையை வைத்துக் கரையை அடைத்தபோது எழுந்த கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் காலையில் முயலம்மா பள்ளி வாசலில் நின்றாள். இடுப்பில் ஒன்று, கையில் இரண்டு.

"டீச்சர், இந்த மூணும் வளர்ந்ததும் இங்கேதான் படிக்கும், இப்பவே பதிஞ்சுக்கங்க! எங்க பிள்ளைக்காக நாடகத்தையே நிறுத்தி வைக்கிற பள்ளிக்கூடத்தை விட்டுட்டு நாங்க எங்கே போறது!"

வடிவு டீச்சர் மூன்று பேரையும் பதிவு ஓலையில் எழுதினாள். குட்டிகளை வாரி அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பலர் கூடிச் செய்யும் காரியத்தில், எல்லோரிலும் சிறியவருக்கும் அவர் இல்லாமல் நடக்காத பங்கைக் கொடுத்து, அதில் உறுதியாக நிற்பவரே அனைவரையும் ஒன்றாக வைத்திருப்பார்.