தாத்தன் காரும் நிக்காத கல்யாணமும்

ஓணாம்பாளையத்து ஆளுங்களை முட்டாளுங்கன்னு சொல்றது பாவம். முட்டாள் யோசிக்காமச் செய்வான். ஓணாம்பாளையத்துல யோசிக்காம ஒரு காரியமும் நடந்ததில்ல. நாலு பேரு கூடி, வெத்தலை போட்டு, ஆற அமர யோசிச்சுத்தான் கெடுப்பாங்க.

அந்த ஊர்லயே தான் ஒருத்தன்தான் வெவரமானவன்னு நம்பிட்டிருந்தவன் செங்கோடன். அவனுக்குக் கோகிலவாணியைப் பேசி முடிச்சிருந்துச்சு. பொண்ணும் சரின்னுட்டா. இடையில பூந்தது அவன் தாத்தன் கார்தான்.

செங்கோடனோட தாத்தன் சென்னியப்பன் ஒரு காலத்துல மேல கூரை இல்லாத ஒரு தெறந்த கார் வெச்சிருந்தாரு. எப்பவோ வித்தாச்சு. மிச்சம் இருந்தது ஒரு ஃபோட்டோவும் செங்கோடன் வாயும்தான். டீக்கடைக்குப் போனாலும் தாத்தன் கார், எழவு வீட்டுக்குப் போனாலும் தாத்தன் கார். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போய் பொண்ணோட அப்பா ராக்கியண்ணன் ஒரு நாள் சொல்லிட்டாரு.

“மாப்ளே, அந்தக் காரு மாதிரியே ஒண்ணுல வந்து எறங்குங்க, பொண்ணைத் தர்றேன். இல்லீன்னா இனிமேப்பட்டு காருன்னு வாயைத் தெறக்காதீங்க. பொண்ணை என்ற தங்கச்சி மவனுக்குக் குடுத்துக்கறேன்.”

தங்கச்சி மவன் பேரு விசயகுமாரு. அவன் பட்டு வேட்டியைத் தேச்சே வெச்சிருந்தான்.

செங்கோடன் தன் மாமன் மாரப்பனைப் பிடிச்சான். மாரப்பனுக்குத் தெரியாத தொழில் இல்ல. தெரிஞ்ச தொழிலும் இல்ல. கூடவே பங்காளி நாச்சிமுத்து. கேட்டு, கிரில் எல்லாம் வெல்டிங் பண்றவன். அவன் செஞ்ச கேட்டைத் தெறக்க முடியாம ஒரு குடும்பமே செவுரேறிக் குதிச்சுப் போய் வந்துட்டிருந்துச்சு. அதை அவன் பெருமையா, “திருடன் வர முடியாதுல்ல?”ம்பான்.

மூணு பேரும் டவுனுக்குப் போய் பட்டறைக்காரர் ஒருத்தர்கிட்ட வெவரம் கேட்டாங்க. அவரு நல்ல மனுசன்.

“வெளிநாட்டுல பழைய காரைப் பிரிச்சு மேய்ஞ்சு பெரிய எஞ்சினாப் போடுவாங்க. ஹாட் ராடுன்னு பேரு. நீங்களும் செய்யலாம். வேண்டாத வெயிட்டை எல்லாம் கழட்டிப் போடுங்க. ஃபோட்டோவைப் பாத்து அச்சு அசலா அப்படியே செய்யுங்க. அவ்ளோதான்.”

அவரு அவ்ளோதான்னு சொன்னாரு. இவுங்களுக்கு அங்கிருந்துதான் ஆரம்பம்.

ஒரு ஓட்டை ஜீப்போட அடிச்சட்டம் கியர்ப் பெட்டியோட கெடைச்சுது. எஞ்சினுக்கு மாரப்பன் கெணத்து மேட்டுல கெடந்த ஆயில் எஞ்சினைத் தூக்கிட்டு வந்தாரு. தோட்டம் காஞ்சுது, ஆனா காருக்கு உசுரு வந்துச்சு. அப்பறம் ஃபோட்டோவை நடுவுல வெச்சு மூணு பேரும் சுத்தி உக்காந்தாங்க.

“மாமா, இதுல காரோட ஒரு பக்கம்தான் தெரியுது. அந்தப் பக்கம் எப்படி இருந்திருக்கும்?”ன்னான் நாச்சிமுத்து.

“இதே மாதிரிதான் இருந்திருக்கும்”னான் செங்கோடன்.

“நீ பாத்தியா?”

“பாக்கல.”

“பாக்காததைப் பாத்த மாதிரி செஞ்சா அது பொய்யாயிடாது? தாத்தன் பேருல பொய் சொல்லலாமா?”

செங்கோடனுக்கு நெஞ்சைத் தொட்டுது. எடது பக்கம் தகரம் அடிச்சு, கதவு வெச்சு, பளபளன்னு பண்ணாங்க. வலது பக்கம் தாத்தனுக்கு மரியாதை பண்ணி அப்படியே தெறந்து விட்டுட்டாங்க.

கலர் பிரச்சனை ரெண்டு நாள் ஓடுச்சு. ஃபோட்டோ கருப்பு வெள்ளை. சிவப்பா இருந்திருக்கும்னு செங்கோடன் லேசா இழுத்தான். மாரப்பன் சிரிச்சாரு.

“அந்தக் காலத்துல ஏதுடா சிவப்பு? தாத்தன் வேட்டியைப் பாரு, வெள்ளை. மீசையைப் பாரு, கருப்பு. ஆகாசத்தைப் பாரு, சாம்பல். கலரெல்லாம் பிற்பாடு வந்தது.”

சாம்பல் அடிச்சாங்க. ஃபோட்டோவை யாரோ மடிச்சுப் பையில வெச்சதுல குறுக்கால ஒரு கோடு விழுந்திருந்துச்சு. அதையும் விடல. நாச்சிமுத்து சம்மட்டியை எடுத்து, புதுக் கதவுல கோணாம அந்தக் கோட்டை அடிச்சு எறக்கினான். முன் சக்கரம் ஃபோட்டோவுல லேசா வலது பக்கம் திரும்பி நின்னுச்சு. அதே மாதிரி திருப்பி வெச்சான். அது நகந்துரக் கூடாதுன்னு வெல்டும் வெச்சான்.

“இப்ப அச்சு அசல்”னான்.

“ஸ்டியரிங்கு சுத்துதா?”ன்னு செங்கோடன் கேட்டான்.

“ஜம்முனு சுத்துது மாப்ளே”ன்னாரு மாரப்பன். உண்மைதான். ஸ்டியரிங்கு சுத்துச்சு. சக்கரம்தான் சுத்தல.

அடுத்து வெயிட்டு. ஸ்டெப்னி போச்சு. ஹார்ன் போச்சு. ஓடறப்ப கியரை விடுவிக்கற கிளட்சும் போச்சு. மாரப்பன் பிரேக்கைக் கையில தூக்கி எடை பாத்தாரு.

“இத்தனை இரும்பு! ஏண்டா, கார் எதுக்கு?”

“போறதுக்கு.”

“இது என்ன பண்ணுது?”

“நிறுத்துது.”

“போற காருக்குள்ள எதுக்குடா நிறுத்தறவனை உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறீங்க?”

பிரேக் கழண்டுச்சு. அதுக்கப்பறமும் மாரப்பனுக்குத் திருப்தியில்ல. சுத்திச் சுத்திப் பாத்துட்டு, கடைசியில பார்வை செங்கோடன் தொப்பையில வந்து நின்னுச்சு. அன்னிலேருந்து மாப்பிள்ளைக்கு மூணு வேளையும் கஞ்சித் தண்ணி. ஊரே கல்யாணக் கறிக்கு ஆடு பாத்துட்டிருந்தப்ப, செங்கோடன் ஆட்டோட தழையைப் பாத்து எச்சில் முழுங்கிட்டிருந்தான்.

“ஒரு தடவை ஓட்டிப் பாத்துரலாம் மாமா”ன்னான் செங்கோடன், கொஞ்ச நஞ்சம் தெம்பு இருந்தப்ப.

“மாப்ள ஊர்வலத்துக்குச் செஞ்ச வண்டியை மாப்ளைக்கு முன்னாடி எவனும் ஓட்டக்கூடாது. பொண்ணைக் கட்டறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாத்தா கட்டுவாங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்றவன் மானஸ்தன் இல்லைன்னு செங்கோடன் வாயை மூடிக்கிட்டான். காரை லாரியில ஏத்தி, கல்யாண மண்டபத்து முன்னாடி பெரிய மைதானத்துல எறக்கினாங்க.

காலையில முகூர்த்தம். மண்டபத்து வாசல்ல ராக்கியண்ணன், அவரு சம்சாரம், விசயகுமாரு, சனம் எல்லாம் நின்னாங்க. காரோட எடது பக்கம்தான் வாசலைப் பாத்து இருந்துச்சு. சாம்பல் கலர்ல, கதவுல கோட்டோட, வெளிய துருத்துற எஞ்சினோட கார் நின்ன நிலையைப் பாத்து ராக்கியண்ணனே மீசையைத் தடவினாரு. விசயகுமாரு பட்டு வேட்டி கசங்கிப் போச்சு.

முன்னாடி மாரப்பன், பக்கத்து சீட்டு காலி, பின்னாடி குட்டி சீட்டுல மாலையோட செங்கோடன். நாச்சிமுத்து கயிறு சுத்தி எஞ்சினைக் கெளப்பினான். டபடபன்னு கெளம்புச்சு. எடது பக்கமா வாசலுக்குத் திரும்ப வேண்டிய கார் வலது பக்கமா ஒரு வளைவு வளைஞ்சு, மைதானத்தைச் சுத்தி, கெளம்பின எடத்துக்கே வந்துச்சு. சனம் கை தட்டுச்சு. மாப்பிள்ளை ஒரு சுத்துக் காட்டறாருன்னு நெனைச்சாங்க.

ரெண்டாவது சுத்துலயும் கை தட்டினாங்க. அஞ்சாவது சுத்துல கையைக் கீழ போட்டாங்க.

“மாமா, நிறுத்துங்க!”

“எதைப் போட்டு நிறுத்தறது? நீதானே கழட்டறப்ப வெளக்குப் பிடிச்சே?”

“எஞ்சினை அமத்துங்க!”

கெணத்து மேட்டுல அந்த எஞ்சினை அமத்தணும்னா முன்னாடி போய் நின்னு ஒரு கம்பியை இழுக்கணும். அங்க எஞ்சின் ஓடும், ஆனா எடத்தை விட்டு நகராது. இங்க அதுக்கு முன்னாடி போய் நிக்கறவன் மேல அது ஏறிடும். நாச்சிமுத்து ரெண்டு தடவை போய் நின்னான். ரெண்டு தடவையும் பாதையை விட்டுத் தாவினான்.

உள்ளேயிருந்து ஐயர் ஓடி வந்தாரு. “முகூர்த்தம் போறது! மாப்பிள்ளை எறங்கணும்!”

“எறங்க முடியலீங்க சாமி!”ன்னு போற போக்குல செங்கோடன் கத்தினான்.

விசயகுமாரு மொகத்துல வெளிச்சம் வந்துச்சு. “மாமா, எறங்கினாத்தானே பொண்ணுன்னீங்க?”

அப்பத்தான் ஓணாம்பாளையத்து மூளை வேலை செஞ்சுது. நாச்சிமுத்து கையைத் தூக்கினான்.

“கல்யாணத்துல நெருப்பை மூணு சுத்து சுத்தோணும். வண்டி எப்படியும் சுத்திட்டுத்தான் இருக்குது. நெருப்பைக் கொண்டாந்து நடுவுல வெச்சுட்டாப் போவுது!”

ஐயர் கடிகாரத்தைப் பாத்தாரு. ஹோம குண்டத்தைத் தூக்கிட்டு வந்து மைதானத்து நடுவுல வெச்சாங்க. “சுத்து முதல்ல ஆகட்டும். தாலி வண்டி நின்னப்பறம்தான். ஓடற வண்டியில தாலி குடுத்து எனக்குப் பழக்கமில்ல”ன்னாரு. கோகிலவாணி சேலையைத் தூக்கிச் சொருகிட்டு, தெறந்து கெடந்த வலது பக்கமா ஏறி செங்கோடன் பக்கத்துல உக்காந்தா. வெளிய நின்ன சனத்துக்கு அது காராத் தெரிஞ்சுது. நடுவுல நின்ன ஐயருக்கு நாலு சக்கரத்துல ஓடற எலும்புக்கூடாத் தெரிஞ்சுது.

“என்னங்க, மொகமெல்லாம் வத்திப் போச்சு?”ன்னா கோகிலவாணி.

“வெயிட்டைக் கொறைச்சாங்க.”

தாம்பாளத்துலேருந்து எடுத்து இடுப்புல சொருகியிருந்த வாழைப்பழத்தை உரிச்சுக் குடுத்தா. இவளுக்காக இன்னும் நூறு சுத்துக் கூடச் சுத்தலாம்னு செங்கோடனுக்குத் தோணுச்சு. அப்படித் தோணினதுதான் தப்பு. வண்டி சுத்திக்கிட்டே இருந்துச்சு.

ஒரு வழியா டீசல் தீந்து நின்னுச்சு. செங்கோடன் காலைக் கீழ வெக்கப் போனான்.

“எறங்காதடா!”ன்னாரு மாரப்பன். “எத்தனை சுத்து?”

யாரும் எண்ணல.

“மூணு சுத்துனா ஒரு கல்யாணம். ஆறு சுத்துனா ரெண்டு. இது எத்தனை கல்யாணம்?”

“அதே பொண்ணைப் பல தடவை கட்டினாக் குத்தமா மாமா?”ன்னான் நாச்சிமுத்து.

“குத்தமில்ல. கல்யாணத்துக்கு ஒரு பந்தி போடோணுமே!”

இதைக் கேட்டுச் சனம் சந்தோசமா எலையைத் தேட ஆரம்பிச்சுது. கொல்லையில சமையல்காரரு கரண்டியைப் போட்டுட்டுத் தலையில கை வெச்சாரு.

“எச்சாச் சுத்துனதைத் திருப்பிச் சுத்தினாக் கழிஞ்சிரும்”னு மாரப்பன் தீர்ப்பு சொன்னாரு. டீசலை ஊத்தி ரிவர்ஸ் போட்டாரு. வண்டி வந்த வழியே பின்னாடி போச்சு. எத்தனை சுத்துல நிறுத்தணும்னும் தெரியல, நிறுத்தவும் முடியல. மறுபடியும் டீசல் தீந்துதான் நின்னுச்சு.

“கழிஞ்சுதா?”ன்னாரு ஐயர், தாலித் தட்டைப் பிடிச்சுட்டு.

“எல்லாமே கழிஞ்சு போச்சுங்க”ன்னான் விசயகுமாரு. “நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். முன்னாடி போனதை விடப் பின்னாடி போனதுதான் எச்சா. இப்ப அவனுக்கும் பொண்ணுக்கும் கல்யாணம் ஆகலங்கறது மட்டுமில்ல, நிச்சயமே ஆகல!”

கோகிலவாணி செங்கோடன் கையைப் பிடிச்சா. செங்கோடனுக்குக் கண்ணு கலங்குச்சு. எல்லாரும் ராக்கியண்ணனைப் பாத்தாங்க. அந்த மைதானத்துல அதுவரைக்கும் புத்தியோட நின்ன ஒரே மனுசன் அவருதான்.

அவரு வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. நேரா வந்தாரு. டீசல் கேனை வாங்கி, மூணே சுத்துக்கு வர்ற மாதிரி ஒரு டம்ளர் அளந்து ஊத்தினாரு.

“எல்லாம் அப்படியே உக்காருங்க. உங்க எவனையும் நம்ப முடியாது. நானே எண்ணறேன்”னு மாரப்பன் பக்கத்துல காலியா இருந்த முன் சீட்டுல ஏறி உக்காந்தாரு.

கார் கெளம்புச்சு. “ஒண்ணு!”ன்னாரு ராக்கியண்ணன். “ரெண்டு!” ஐயர் தாலியைக் கையில எடுத்தாரு. “மூணு!” அளந்து வெச்ச மாதிரி வண்டி குலுங்கி நின்னுச்சு. மேளக்காரங்க கெட்டி மேளத்துக்குக் கையை ஓங்கினாங்க.

“நிறுத்துங்க!”ன்னு நாச்சிமுத்து தலையில அடிச்சுட்டு ஓடி வந்தான். “டீசலைக் கொண்டாங்கடா! ரிவர்ஸ் போடோணும்! மாரப்ப மாமனுக்கும் பொண்ணோட அப்பனுக்கும் கல்யாணம் ஆயிப்போச்சு!”