உறுமன் எறிந்த கிழங்குத் தலைகள்

மூங்கிலும் முள்ளும் மண்டிக் கிடந்த ஒரு காட்டில், உறுமன் என்ற காட்டுப்பன்றி ஒரு நிறுவனம் நடத்தி வந்தது. வள்ளிக்கிழங்கு தோண்டிக் கொடுக்கும் நிறுவனம் அது. கிழங்கு கொடுத்தால் குரங்குகள் பலாச்சுளை தரும், கரடி தேனடை தரும். அந்தக் காட்டில் வியாபாரம் என்றால் அவ்வளவுதான்.

உறுமனுக்கு மிகப் பிடித்தவை இரண்டு. ஒன்று வேகம். இன்னொன்று, மலையடிவாரத்தில் மருதமர நிழலில் இருந்த அதன் சேற்றுக்குழி. அந்தச் சேறு பாயசம் மாதிரி இருக்கும் என்று உறுமன் எல்லாரிடமும் சொல்லும். வேறு யாரும் சுவைத்துப் பார்க்காததால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

நிறுவனத்தின் காலைக் கூட்டமும் அந்தச் சேற்றில்தான் நடக்கும். தலைவர் உறுமன் கழுத்துவரை சேற்றில் மூழ்கியிருக்கும். தோண்டும் வேலைக்கு வந்த பெருச்சாளிகள் கரையில் உட்கார்ந்திருக்கும். மேலே கிளையில் கீச்சி என்ற மைனா இருக்கும். அறிவிப்பு வேலை அதனுடையது. தலைவர் சொன்னதைச் சொல் மாறாமல், குரல்கூட மாறாமல், காடு முழுக்கப் பறந்து சொல்லிவிட்டு வரும்.

கூட்டத்தில் உறுமன் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"நேற்றைவிட இன்று அதிகமா?"

"அதிகம், தலைவரே!"

"அப்படியென்றால் நாளை?"

"இன்னும் அதிகம், தலைவரே!"

"நல்லது. கூட்டம் முடிந்தது!"

இந்த நிறுவனத்தில் உறுமனுக்கு ஒரு கூட்டாளி இருந்தது. சிலுப்பி என்ற முள்ளம்பன்றி. அது தோண்டும் விதமே வேறு. கிழங்கை மெல்ல உடைத்து எடுத்துக்கொள்ளும். கொடி முளைக்கும் தலைப்பகுதியை மட்டும் திரும்பக் குழிக்குள் வைக்கும். மண்ணைத் தள்ளி மூடும். மேலே சருகைப் போட்டுக் காலால் தட்டிவிடும். அது ஒரு குழியை மூடி நிமிர்வதற்குள் உறுமன் பக்கத்துப் புதரையே புரட்டிப் போட்டிருக்கும். கிழங்கு ஒருபக்கம் பறக்கும், தலை ஒருபக்கம் பறக்கும், குழி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

"என்ன சிலுப்பி, கிழங்குக்குத் தாலாட்டுப் பாடுகிறாயா?" என்று உறுமன் கேட்கும்.

"தலையை மண்ணில் வைத்தால் மழைக்கு மறுபடியும் கொடி ஓடும், அண்ணே."

"மழை வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். குரங்குகள் அங்கே வரிசையில் நிற்கின்றன!"

"அடுத்த வருடமும் அவை வந்து நிற்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான்."

உறுமனுக்கு அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசினாலே கொட்டாவி வரும்.

கோடை தொடங்கும்போது, அதுவரை இருவரும் தோண்டி வந்த கீழைச் சரிவு முழுவதும் தீர்ந்துவிட்டது. ஒருநாள் காலைக் கூட்டத்தில் உறுமன் சேற்றுக்குள்ளிருந்து தலையை உயர்த்தியது.

"சிலுப்பி, நீ வேலை செய்யும் வேகத்துக்கு என் நிறுவனம் தாங்காது. பிரிந்துவிடலாம். மேலைச் சரிவில் யாரும் கால் வைக்கவில்லை, பெரிய சரிவு வேறு. அது எனக்கு. உனக்கு என்ன வேண்டும், கேள்."

சிலுப்பி சற்று யோசித்தது. "கீழைச் சரிவைக் கொடுங்கள், அண்ணே."

"அங்கே வெறும் குழிதானே இருக்கிறது?"

"அங்கே நீங்கள் எறிந்த கிழங்குத் தலைகளும் இருக்கின்றன. அவற்றையும் கொடுத்துவிடுங்கள்."

உறுமன் சிரித்த சிரிப்பில் சேறு மூக்குக்குள் போய்விட்டது. தும்மிவிட்டு மறுபடியும் சிரித்தது.

"குழியும் உனக்கு! குப்பையும் உனக்கு! இனி அந்தப் பக்கம் நான் மூக்கைக்கூட நீட்ட மாட்டேன்! ஹக்! ஹக்! ஹக்! கீச்சி, இதைக் காடு முழுக்கச் சொல். எல்லாரும் கொஞ்சம் சிரிக்கட்டும்."

கீச்சி பறந்தது. ஒவ்வொரு மரத்திலும் உட்கார்ந்து, கடைசி 'ஹக்' வரைக்கும் விடாமல் சொல்லிவிட்டு வந்தது.

வேகத்தில் மூச்சு வாங்கிப்போன சில பெருச்சாளிகள் சிலுப்பியோடு போயின. அவை குப்பையைப் பொறுக்கின, குழியை மூடின, சருகைப் பரப்பின. பார்த்தவர்கள் எல்லாம் பாவம் என்றார்கள்.

பிறகு மழை வந்தது. கீழைச் சரிவில் மழைநீர் சருகுக்குள் இறங்கி மண்ணோடு தங்கிவிட்டது. மேலைச் சரிவிலோ, உறுமன் தோண்டிப் போட்ட குழிகள் நிரம்பி வழிந்தன. மண் கரைந்து ஓடியது. ஓடிய மண் எங்கே போகும்? அடிவாரத்துக்குத்தான். சேற்றுக்குழியில் சரளைக்கல் வந்து விழுந்தது. பாயசத்தில் கல்லைக் கடித்தவன்போல உறுமன் முகம் சுளித்தது. கல் ஏன் வந்தது என்று யோசிக்க அதற்கு நேரமில்லை. நேற்றைவிட இன்று அதிகம் தோண்ட வேண்டுமே!

அடுத்த கோடையின் தொடக்கத்தில் கருப்பாயி என்ற கரடி சேற்றுக்குழிக்கு வந்தது. அதன் முதுகில் குட்டிகள் தொற்றிக்கொண்டிருந்தன.

"தம்பி, இதுகளை வைத்துக்கொண்டு கோடையில் என்னால் அலைய முடியாது. முதல் மழை விழும்வரை தினமும் என் குகை வாசலுக்குக் கிழங்கு வர வேண்டும். மலைத்தேன் முழுவதும் உனக்கே. முடியுமா?"

"என்ன அக்கா, என்னைப் பார்த்து இப்படிக் கேட்டுவிட்டாய்!"

"முடியாவிட்டால் இப்போதே சொல்லிவிடு. நான் சிலுப்பியிடம் கேட்டுக்கொள்கிறேன்."

சிலுப்பியின் பெயரைக் கேட்டதும் உறுமனின் முதுகு மயிர் நட்டுக்கொண்டது. "குப்பை பொறுக்குகிறவளிடமா? ஒருநாள் கிழங்கு வராமல் போனாலும் இந்தச் சேற்றுக்குழியை நீயே எடுத்துக்கொள், அக்கா! கீச்சி, இதையும் போய்ச் சொல்!"

கீச்சி போய்ச் சொன்னது.

கோடை பாதிகூடப் போகவில்லை. மேலைச் சரிவில் கொடி என்று ஒன்று கண்ணில் படவில்லை. திரும்பிய இடமெல்லாம் குழி. பெருச்சாளிகள் தோண்டிய நேரம் குறைந்து, குழிக்குள் விழுந்தவர்களைத் தூக்கிவிடும் நேரம் கூடியது.

"நேற்றைவிட இன்று அதிகமா?" என்று உறுமன் கூட்டத்தில் கேட்டது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெருச்சாளி எழுந்தது. "குழி அதிகம், தலைவரே."

கூட்டம் முடிந்தது என்று சொல்லாமலேயே உறுமன் சேற்றுக்குள் முழுகிவிட்டது.

அன்று மாலை கருப்பாயி குட்டிகளோடு வந்தது. ஒரு காலைச் சேற்றில் விட்டு ஆழம் பார்த்தது.

"இடம் போதும். குட்டிகள் விளையாடலாம். கல்தான் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, தம்பி."

"அக்கா, இன்றைக்கும்தான் கிழங்கு வந்துவிட்டதே!"

"வந்தது. சுண்டுவிரல் பருமன். அதை எந்தக் குட்டிக்குக் கொடுப்பது என்று சண்டை. நாளை மாலைக்குள் ஒழுங்கான கிழங்கு வராவிட்டால் நாங்கள் இங்கேயே வந்துவிடுவோம். நீயும் ஓரமாக நின்று பார்க்கலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்."

உறுமனுக்கு வியர்த்துவிட்டது. பன்றிக்கு வியர்க்காது என்பார்கள். அன்று உறுமனைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பொழுது விடிந்ததும் அது காடெல்லாம் மோந்துகொண்டே அலைந்தது. கால் போன போக்கில் போய்க் கீழைச் சரிவில் நின்றது. நின்றது நின்றபடியே வாயைப் பிளந்தது. மூங்கில் தூருக்குத் தூர் காய்ந்த வள்ளிக்கொடிகள் சுற்றிக் கிடந்தன. கொடி காய்ந்திருந்தால் அடியில் கிழங்கு முற்றியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு குழிகூட இல்லை. மண் பொதுபொதுவென்று காலுக்கு மெத்தையாக இருந்தது.

"அட, தானாகவே வளர்ந்துவிட்டதே!" என்று உறுமன் துள்ளியது. மூக்கை மண்ணில் நுழைக்கக் குனிந்தது.

"அண்ணே, மூக்கு நீளுகிறதே!"

மூங்கிலுக்குப் பின்னாலிருந்து சிலுப்பி வந்தது. முட்கள் லேசாகச் சலசலத்தன.

"இது நான் தோண்டிய சரிவு!" என்று உறுமன் உறுமியது.

"ஆமாம், அண்ணே. தோண்டியது நீங்கள்தான். அதில் சந்தேகமே இல்லை."

"அப்படியென்றால் இது என்னுடையது!"

சிலுப்பி அண்ணாந்து பார்த்தது. மேலே கீச்சி உட்கார்ந்திருந்தது. அது தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அசல் உறுமனின் குரலில் தொடங்கியது.

"குழியும் உனக்கு! குப்பையும் உனக்கு! இனி அந்தப் பக்கம் நான் மூக்கைக்கூட நீட்ட மாட்டேன்! ஹக்! ஹக்! ஹக்!"

சிலுப்பியின் பெருச்சாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டன. தன் சிரிப்பு இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று உறுமனுக்கு அன்றுதான் தெரிந்தது. அது மெல்ல மூக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"சிலுப்பி," என்றது சிறிய குரலில், "இன்று மாலையோடு என் சேறு போய்விடும்."

இதற்கு மேல் கேலி செய்ய சிலுப்பிக்கு மனம் வரவில்லை.

"போகாது. மழை விழும்வரை கருப்பாயி அக்காவுக்கு நான் கிழங்கு தருகிறேன். உங்கள் பெயரிலேயே அனுப்புகிறேன்."

"பதிலுக்குத் தேன் முழுவதும் வேண்டுமா?"

"தேனில் பாதி போதும். ஆனால் மேலைச் சரிவில் தோண்டிய குழிகளை நீங்கள் மூட வேண்டும். புதரடியில் நிழலில் விழுந்த தலைகள் இன்னும் பட்டுப்போகவில்லை. அவற்றைப் பொறுக்கி உள்ளே வைக்க வேண்டும். அந்தச் சரிவு கரைந்தால் உங்கள் சேற்றில் கல் விழும், அடுத்து கீழைச் சரிவோரம் ஓடும் என் ஓடையிலும் விழும். அதோடு, இந்தக் காடு முழுவதற்கும் என் ஒரு சரிவு போதாது, அண்ணே."

கல் எங்கிருந்து வந்தது என்று உறுமனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"எல்லாக் குழிகளையுமா மூட வேண்டும்?" என்று அது பரிதாபமாகக் கேட்டது. "எவ்வளவு வேகமாக?"

"நேற்றைவிட இன்று அதிகமாக," என்றது சிலுப்பி.

மாலையில் கருப்பாயியின் குகை வாசலுக்கு நல்ல பருமனான கிழங்குகள் போய்ச் சேர்ந்தன. அவற்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு உறுமன் நேரே மேலைச் சரிவுக்கு நடந்தது. கோடை முழுக்க அதற்கு அதே வேலை. தோண்டிய மூக்காலேயே மண்ணைத் தள்ளியது. பெருச்சாளிகள் சருகு சுமந்தன. குழியில் விழுந்து எழுகிறவர்கள் குறைந்ததால், முன்னைவிட வேலை சுறுசுறுப்பாகவே நடந்தது. இதை மட்டும் உறுமன் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

மழை வந்தது. சேற்றுக்குழியில் ஒரு கல்கூட விழவில்லை. மேலைச் சரிவில் மெல்லிய கொடிகள் மூங்கிலைத் தேடி ஏறின. பனிக்காலம் முடிவதற்குள் குரங்குகள் மறுபடியும் வரிசையில் வந்து நின்றன. கருப்பாயியும், "அடுத்த கோடைக்கும் நீயே கொண்டுவந்துவிடு, தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனது.

ஒருநாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெருச்சாளி ஒன்று, கிழங்கை உடைத்துக்கொண்டு தலையைத் தூரத் தூக்கி எறிந்தது.

உறுமன் பாய்ந்து வந்தது. "அடேய், எதைத் தூக்கி எறிகிறாய்?"

"குப்பையைத்தான், தலைவரே."

"குப்பையா? அது நம்முடைய அடுத்த வருடம்டா! ஓடிப் போய் எடுத்து வா!"

மேலே கிளை அசைந்தது. உறுமன் அண்ணாந்து பார்த்தது.

"கீச்சி, இதைக் காடு முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை."

ஆனால் கிளை காலியாக இருந்தது. கீழைச் சரிவின் பக்கமிருந்து, "குப்பையா? அது நம்முடைய அடுத்த வருடம்டா!" என்று உறுமனின் குரலே கணீரென்று கேட்டது. தொடர்ந்து, பழைய வழக்கத்தில், ஒரு "ஹக்! ஹக்! ஹக்!" கேட்டது.

இக்கதை சொல்லும் நீதி: எடுத்த இடத்திலேயே நாளைக்கான பங்கைத் திரும்ப வைக்கும் நிறுவனம்தான் நாளையும் நிலைத்திருக்கும்.