வெண்கலக் குதிரையும் புளியமரமும்

முன்னொரு காலத்தில் செந்தாழை நாட்டைக் கீர்த்திகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. போரில் செத்துப்போன தன் குதிரைக்கு வெண்கலத்தில் சிலை வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது. அந்த வேலை வார்ப்புக்காரி அரியநாச்சிக்குப் போனது. தன் மைத்துனனுக்குக் கிடைக்கும் என்று காத்திருந்த சடங்கு அதிகாரி விருதராசருக்கு அன்றிலிருந்து ஒரே வயிற்றெரிச்சல்.

அரியநாச்சி வேலையில் புலி. முதலில் மெழுகில் குதிரையைச் செய்வாள். மாவாகச் சலித்த வண்டல் மண்ணை அதன்மேல் பூசுவாள். ஒரு பூச்சு காயாமல் அடுத்த பூச்சுக்குக் கை வைக்கமாட்டாள். பிறகு சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியே விட்டால், மண்ணுக்குள் குதிரையின் உருவத்தில் வெற்றிடம் நிற்கும். அச்சைத் தலைகீழாகப் புதைத்து அதில் வெண்கலத்தை ஊற்றவேண்டும். மற்ற பட்டறைகளில் அச்சுக்கு ஊற்றும் வாய் ஒன்றுதான். இவளோ நாலு குளம்புகளிலும் மெல்லிய குழல் விட்டு, உள்ளே அடைபடும் காற்று வெளியேற வழி செய்திருந்தாள்.

அப்படியும் இரண்டு முறை அச்சு வெடித்தது. காரணம் அவளுக்குத் தெரியும். ஊற்றுவதற்குச் சற்று முன் விருதராசர் மந்திரம் சொல்லி, கலசத் தண்ணீரை அச்சின் வாயில் விடுவார். அது அரண்மனை வழக்கம் என்பது அவர் பேச்சு. ஈர அச்சில் கொதிக்கிற வெண்கலம் விழுந்தால் என்ன ஆகும் என்று பட்டறையில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். முதல் வெடிப்பிலேயே அவள் அண்ணன் செங்கோடனின் முகம் வெந்துபோனது.

ராஜாவிடம் அழுது சொல்லிப் பார்த்தாள். "கலசத் தண்ணீரால் கெடுதல் வருமா மகாராஜா? இவள் கைதான் ராசியில்லாத கை" என்றார் விருதராசர். ராஜா அதையே பிடித்துக்கொண்டான்.

"மூன்றாவது முறையும் கெட்டால் அந்தக் கையை வெட்டிவிடுவேன். தண்ணீரைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசினாலும் அதே தண்டனைதான்."

மூன்றாவது வார்ப்பு நாள் வந்தது. உலையில் வெண்கலம் தளதளவென்று கொதித்தது. பக்கத்தில் உருவிய வாளோடு ஒருவன் நின்றான். அரியநாச்சிக்குத் துணையாக இருந்தது அவள் கவனித்து வைத்திருந்த ஒரே விஷயம். இரண்டு தடவையும் விருதராசர் தண்ணீரை விட்ட கையோடு, நாற்பதடி தள்ளியிருந்த புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"மகாராஜா, ஒரு விண்ணப்பம்."

"தண்ணீரைப் பற்றியா?" ராஜாவின் குரல் கடுத்தது.

"இல்லைங்க, மரியாதையைப் பத்தி. ரெண்டு தடவையும் ஐயா தண்ணிய விட்டுட்டு ஒதுங்கிப் போயிட்டாங்க. அவங்க புண்ணியமும் கூடவே போயிடுது. இந்தத் தடவை நான் ஊத்தி முடிக்கிற வரைக்கும் அச்சு பக்கத்துலயே நிக்கச் சொல்லணும்."

"நியாயம்தானே? நில்லும் விருதராசரே."

விருதராசருக்கு வியர்த்துக் கொட்டியது. "எனக்கு மூட்டுவலி மகாராஜா."

"நாற்காலி போடச் சொல்கிறேன்."

"அனல் கண்ணுக்கு ஆகாது..."

"மூடிக்கொள்ளும்."

"இன்று எனக்கு நாளும் சரியில்லை மகாராஜா."

ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கொடும் கலசத்தை. என் குதிரை. நானே தண்ணீர் விடுகிறேன், நானே பக்கத்தில் நிற்கிறேன்."

இதை அரியநாச்சி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. தடுத்தால் கை போகும். தடுக்காவிட்டால் ராஜாவே போய்விடுவான். ராஜா கலசத்தைச் சாய்க்கப் போனான். போனால் கைதானே என்று அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் விருதராசர் பாய்ந்து ராஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் மகாராஜா, ஈரம் பட்டால் வெடித்துவிடும்."

ராஜா மெதுவாகக் கேட்டான், "இது உமக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

விருதராசரின் கண் தன்னை அறியாமல் புளியமரத்தின் பக்கம் போனது. ராஜாவும் திரும்பி அந்த மரத்தைப் பார்த்தான். பிறகு உலையருகே நின்ற செங்கோடனின் வெந்த முகத்தைப் பார்த்தான். கலசத்தைக் கீழே வைத்தான்.

"நீ ஊற்று அம்மா."

அவள் ஊற்றினாள். குளம்புக் குழல்கள் வழியே காற்று சீறியது. பிறகு நாலு குழல்களின் வாயிலும் வெண்கலம் மேலேறி வந்து எட்டிப்பார்த்தது. மூன்றாம் நாள் ஆறிய மண்ணை உடைத்தார்கள். பிடரி மயிர்கூடத் தனித்தனியாகப் பதிந்து வந்திருந்தது. கலசத் தண்ணீரை ராஜாவே குதிரையின் தலையில் விட்டான். இனிமேல் அபிஷேகம் சிலைக்குத்தான், அச்சுக்கு இல்லை என்று அங்கேயே உத்தரவும் போட்டான்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றான்.

"அந்தப் புளியமரம் வேணும் மகாராஜா. வெட்டி உலைக்கு விறகாக்கிக்கிறேன். உத்தரவு போடுறவங்க இனிமே நாங்க நிக்கிற எடத்துலயே நிக்கட்டும்."

ராஜா சிரிக்கவில்லை. கோடாலி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதை விருதராசர் கையில் கொடுத்தான்.

வைரம் பாய்ந்த மரம் அது. வெட்டி முடிக்க அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்றாம்.